காலியாக விட்ட இரண்டு வரிகள்

நாலு பேர் ஒன்றாக மூச்சு இழுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த நாலு பேரும் நாலு கம்பெனியில், நாலு ஷிஃப்டில் வேலை பார்க்கிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருத்தி குளித்துவிட்டுக் கிளம்பும்போது இன்னொருத்தி தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவாள். சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த நகரில் இருக்கிற சகாய மாதா கோயிலின் பாடற்குழு இந்த லட்சணத்தில்தான் ஒன்பது வருஷத்தை ஓட்டியிருந்தது. புதன்கிழமை பிற்பகல் மூன்றரையிலிருந்து நாலரை வரை பயிற்சி. எல்லோரும் சேர்ந்தாற்போல் வந்த புதன்கிழமைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குழுவை நடத்துகிறவள் ஃபாத்திமா. முப்பத்தெட்டு வயது. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் வேலை. ஃபாத்திமா மாதாவை வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்று அம்மா வைத்த பெயர். கம்பெனிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு சூப்பர்வைசரும் அவளுக்கு ரம்ஜான் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பிறகு அசடு வழிவார். அவளுக்கு ராகம், சுருதி பற்றியெல்லாம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வாலிபால்.

வாலாஜாபாத் பக்கம் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்து அணியில் அவள் லிஃப்டர். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். அடிக்கிறவள் லூர்து மேரி. மொத்தமே ஆறு பெண்கள், மாற்று ஆட்டக்காரி என்று ஒருத்தி கிடையாது. ஒரு தடவை லூர்துவுக்கு அம்மை போட்டு மூன்று வாரம் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டடி தள்ளி நின்று அவள் இடத்தை அடைத்துக்கொண்டு ஆடிப் பழகினார்கள். போட்டியன்று லூர்து வந்துவிட்டாள். அவள் மூலைக்கு ஒரு பந்து வந்தது. அவளும் ஓடினாள், பழக்க தோஷத்தில் ஃபாத்திமாவும் ஓடினாள். ஃபாத்திமாவின் நெற்றி போய் லூர்துவின் வாயில் மோதி, மேலுதடு கிழிந்து மூன்று தையல். ஆட்டமும் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த அணியில் ஒரு சட்டம் வந்தது. வராதவள் இடத்தில் யாரும் நிற்கக்கூடாது. பந்து அங்கே போனால் விழட்டும். விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததை ஆடு.

இந்தச் சட்டத்தைத்தான் ஃபாத்திமா பாடற்குழுவுக்கும் கொண்டுவந்தாள். யார் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டு வரவில்லையோ, அவருடைய வரி வரும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும். கீபோர்டும் அப்படியே. கீபோர்டு வாசிக்கிற கிறிஸ்துதாஸ் பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். "இது பாட்டுக் குழுவா, வாலிபால் டீமா?" என்று முதல் வாரமே கேட்டார். அவருக்கு என்ன, உட்கார்ந்த இடத்தில் வாசிப்பவர். பாடுகிறவர்களைப் பயிற்சிக்கு முன்னால் கோயிலைச் சுற்றி மூன்று சுற்று வேகமாக நடக்க வைத்தாள் ஃபாத்திமா. கம்பெனி கேன்டீனில் சமைக்கிற ஞானசௌந்தரி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே நடப்பார். ஆனால் நடந்து முடித்து நின்றால் எல்லோருக்கும் மூச்சு ஒரே வேகத்தில் இருக்கும். திருவிழாவுக்கு முந்தின நாள் முழுப் பாட்டையும் பாடக்கூடாது, தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதுவும் மைதானத்துப் பழக்கம்தான்.

இன்னொன்றும் இருந்தது. லிஃப்டர் எதிர் அணிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி, பந்து யாருக்குப் போகப்போகிறது என்று தன் ஆட்களுக்குச் சொல்லுவாள். பாடும்போதும் ஃபாத்திமா ஒரு அடி முன்னால் நின்று, சனங்களைப் பார்த்தபடி, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் என்றால் ஞானம் அக்கா. மூன்று விரல் என்றால் கலைமதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, கண்ணாடி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள், கடைசியாகச் சேர்ந்தவள். இரண்டு விரல் என்றால் லூர்து. பள்ளிக்கூடத்திலும் இரண்டு விரல்தான் அவளுக்கு.

லூர்து வேலை பார்த்த, செல்போன் சார்ஜர் செய்கிற லைனை மார்ச் மாதம் கம்பெனி ஓசூருக்கு மாற்றிவிட்டது. வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். லூர்து புருஷனோடும் இரண்டு சாமான் மூட்டையோடும் கிளம்பினாள். ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் ஏற்றிவிடப் போன ஃபாத்திமாவின் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"செப்டம்பர் மாதா பொறந்தநாள் திருவிழாக்கு வந்துடுவேன்டி. என் எடத்த எவளுக்காவது தூக்கிக் குட்த்துடாத."

"நீ மொதல்ல வா" என்றாள் ஃபாத்திமா. பஸ் திரும்புகிற வரைக்கும் அழாமல் இருந்துவிட்டு, அப்புறம் பழக்கடை மறைவில் நின்று அழுதாள்.

திருவிழாக் காணிக்கைப் பாட்டு கிறிஸ்துதாஸ் எழுதியது. மூன்றாம் சரணத்தில் முதல் இரண்டு வரி லூர்து தனியாகப் பாட வேண்டியவை.

வாசல் திறந்து வைத்தேன் அம்மா,
வரும்வரை விளக்கை அணைக்க மாட்டேன்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் அந்த இரண்டு வரியை லூர்து செல்போனில் பாடி அனுப்பினாள். ஒவ்வொன்றிலும் பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். ஃபாத்திமா அதைக் கம்பெனி பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவாள். ஜூனில் ஒன்றும் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. "ஓவர்டைம் டி", "உடம்பு முடியல டி" என்று எழுத்தில் மட்டும் பதில் வந்தது. ஃபாத்திமா பழைய குக்கர் சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு லூர்து வேண்டும். பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், தனக்குப் பின்னால் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை ஞானம் அக்கா பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா ஃபாத்திமா இது? ஆறு மாசமா அந்த எடம் வந்தா ஊமையாட்டம் நிக்கிறோம். திருவிழாக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. ஊரே வந்து ஒக்காந்துகினு கீசொல்லோ அங்க வந்து வாய மூடிக்கினு நின்னா சிரிக்க மாட்டாங்களா?"

"வந்துடுவேன்னு சொல்லிக்கீறா அக்கா."

"புருஷனுக்காகக்கூட நீ இம்மாந்நேரம் காத்துகினு இருந்ததில்ல."

கிறிஸ்துதாஸ் கீபோர்டின் மேல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கலைமதி மெதுவாக, "யக்கா, அது எனக்கு மனப்பாடம். வேணும்னா நான் பாடுதேன். அவங்க வந்தா நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்றாள்.

நியாயமான பேச்சு. வேறு எவளாக இருந்தாலும் சரி என்றிருப்பாள். ஃபாத்திமா தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்டி ஒதுங்கிக்கலாம்னு நெனச்சிதான் அவ ஒதட்ட கிழிச்சேன். வேணா கலை. அவ வருவா."

கலைமதியின் முகம் வாடியதை ஃபாத்திமா பார்த்தாள், பார்த்தும் பார்க்காதவள்போல, "மொதல்ல இருந்து" என்றாள்.

திருவிழா அன்று காலை ஏழு மணிக்கு லூர்துவிடமிருந்து செய்தி வந்தது. "வேலூர் தாண்டிட்டேன்." ஃபாத்திமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்பதேகாலுக்கு அடுத்தது. "வாலாஜாபாத். டிராபிக்." ஒன்பதரைக்குப் பூசை தொடங்கிவிட்டது. கோயில் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஆட்கள். பிரசங்கம் நீளட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபாத்திமா வேண்டிக்கொண்டாள். அன்றைக்கென்று பார்த்து சாமியார் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணத்தில் ஒரு விரல், ஞானம் அக்கா எடுத்தார். இரண்டாம் சரணத்தில் மூன்று விரல், கலைமதி எடுத்தாள். பூவும் பழமும் மெழுகுவத்தியும் ஏந்திய வரிசை பீடத்தை நோக்கி நகர்ந்தது. மூன்றாம் சரணம் வந்தது. ஃபாத்திமாவின் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மனசு என்ன நினைத்ததோ, விரல்கள் தாமாக நீண்டன. இரண்டு.

கீபோர்டு நின்றது. ஆறு மாதப் பழக்கம், கிறிஸ்துதாஸின் கையும் கேட்கவில்லை. ஞானம் அக்கா வாயை மூடிக்கொண்டார். கலைமதி மூடிக்கொண்டாள். ஊர் சிரிக்கும் என்று சண்டை பிடித்தவர்களே பிசகாமல் எண்ணிக்கொண்டு நின்றார்கள். கோயில் முழுக்க நிசப்தம். முன் வரிசையில் ஒரு குழந்தை மட்டும் தும்மியது.

அப்போது ஃபாத்திமாவுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். பந்தை மேலே தூக்கிவிட்ட பிறகு, அடிப்பதற்காக லூர்து எகிறுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. வந்துவிட்டாள். பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து பின்னால் நிற்கிறாள். விரலைப் பார்த்துவிட்டாள். ஃபாத்திமாவின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு விரலையும் இன்னும் விறைப்பாக நீட்டினாள்.

குரல் வரவில்லை. இரண்டு வரிக்கான நேரமும் கழிந்தது. மூன்றாம் வரியை எல்லோரும் சேர்ந்து எடுத்தார்கள், பாட்டு முடிந்தது.

பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம் லூர்து நின்றிருந்தாள். தலையெல்லாம் புழுதி, கையில் பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். மேலுதட்டுத் தழும்பு அப்படியே இருந்தது. ஃபாத்திமா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தள்ளி நிறுத்திக் கேட்டாள்.

"மூச்சு இழுத்த இல்ல? எங்கடி பாட்டு?"

"இழுத்தேன்டி."

"அப்புறம்?"

லூர்து பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"அங்க ஒரு கோயில்ல பாடுறேன். ஜூன்ல இருந்து. ஆறு பேரு. இங்க மேல் குரல்ல பாடன என்ன அங்க கீழ்க்குரலுக்குப் போட்டுட்டாங்க. மூணு மாசமா கீழயே பாடிகினு கீறேன். உன் வெரல பாத்ததும் வாய தொறந்தேன், எந்தக் குரல்ல எடுக்கறதுன்னே தெர்ல. தப்பா பாடி கெடுக்கறதுக்கு, சும்மா நிக்கலாம்னு நின்னுட்டேன்."

ஜூன். ஃபாத்திமா கணக்குப் போட்டாள். குக்கர் சத்தம் நின்றுபோன மாதம். அவளுக்கு வந்தது கோபமா, பொறாமையா என்று சொல்ல வேண்டுமானால், பொறாமைதான். வேறு அணிக்குப் போன ஆட்டக்காரியைப் பார்க்கிற பொறாமை.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்டிடி சொல்வேன்? நீ என் எடத்த விட்டு வெச்சிகினு கீறே. நான் இன்னோர் எடத்துல போய் நின்னுட்டேன்னு எப்டி சொல்வேன்?"

பந்தலில் பொங்கல் பரிமாறுகிற சத்தம் கேட்டது.

"அங்கயும் வெரல் காட்டுவாங்களா?" என்று கேட்டாள் ஃபாத்திமா.

"இல்ல. ஒரு சார் முன்னாடி நின்னுகினு கைய வீசுவாரு. எனக்கு அவரப் பாத்தா சிரிப்பு வரும். ஆனா பாடணும் இல்ல? பாடாம இருக்க முடிலடி. லைன்ல எட்டு மணி நேரம் காதுல பஞ்ச அடச்சிகினு ஒக்காந்து, வூட்டுக்கு வந்தா எங்க வூட்டுக்காரரும் ஷிஃப்டுக்குப் போயிருப்பாரு, பேச ஆளு இல்ல."

அதற்கு மேல் கோபப்பட ஃபாத்திமாவால் முடியவில்லை. அவளுக்கும் அதே எட்டு மணி நேரம்தான், அதே பஞ்சுதான்.

"நான் திரும்பி வரப் போறதில்ல ஃபாத்திமா. அவருக்கும் அங்கயே வேல ஆயிடுச்சி. அந்தக் கலைப் பொண்ணு நல்லா பாடுது. அவளுக்குக் குட்த்துடு."

"சரி."

"ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு செய். ஒரே ஒரு தபா, என் எடத்த காலியா விட்டுட்டு, இன்னிக்குப் பாடனாப்புலயே பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. காலைல கம்பெனி பஸ்ல போவசொல்லோ நான் அதுல பாடிக்கிறேன். மேல் குரல்லயே."

மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். மறுநாள் அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

அடுத்த புதன்கிழமை நடக்கச் சொல்வதற்கு முன்பே ஞானம் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மூன்று சுற்று முடிந்து வந்து நின்றார்கள். ஃபாத்திமா செல்போனை முதல் பெஞ்சின் மேல் நிறுத்திவைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விஷயத்தைக் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பாடினார்கள். திருவிழாவில் பாடியதைவிட நன்றாக வந்தது. மூன்றாம் சரணம் வந்ததும் கீபோர்டு நின்றது. ஃபாத்திமாவின் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. எதிரே சனம் இல்லை. பின்னால் பார்க்க வேண்டியவளும் இல்லை. இரண்டு விரல் நீட்டினாள். சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அதுவும் ரெக்கார்டில் ஏறிக்கொண்டது. கலைமதி கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். மூன்றாம் வரியை எல்லோரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள்.

அனுப்பி முடித்துவிட்டு ஃபாத்திமா திரும்பினாள்.

"கலை, இனிமே அது உன் பாட்டு. பயப்படாம எடு."

"சரிக்கா. அந்த எடத்துல ரெண்டு வெரல் காட்டுவீங்கள்லா?"

"இல்ல. உனக்கு மூணுதான். அங்கயும் மூணுதான்."

கலைமதிக்குப் புரிந்தது. தலையாட்டினாள். மூன்று விரலுக்குப் பாடினாள், நன்றாகவே பாடினாள். லூர்து பாடும்போது இருக்கிற அந்த லேசான கரகரப்பு இதில் இல்லை. ஃபாத்திமா அதைத் தேடினாள், தேடக்கூடாது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு மேலே பாடினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் ஒரகடம் கூட்ரோட்டில் சிக்னலுக்கு நின்றது. பக்கத்து சீட்டுக்காரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். ஃபாத்திமாவின் செல்போன் லேசாக அதிர்ந்தது. லூர்துவிடமிருந்து ஒரு குரல் செய்தி. காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒரு பஸ்ஸின் இரைச்சல். அதற்கு அடியில், வேறு ஏதோ செல்போனிலிருந்து, அவர்கள் மூன்று பேரும் பாடுவது தேய்ந்து கேட்டது. கிறிஸ்துதாஸின் கீபோர்டு நின்றது. லாரி ஹாரன் அடித்தது. மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. பிறகு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடாமல் மெல்லிசாக, கொஞ்சம் கரகரத்து, லூர்து பாடினாள். வாசல் திறந்து வைத்தேன் அம்மா. மேல் குரல். முதல் வரியை அரை அடி தாமதமாகத்தான் எடுத்தாள். இரண்டாம் வரியில் வந்து சேர்ந்துகொண்டாள்.

சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. ஃபாத்திமா மறுபடி முதலிலிருந்து வைத்தாள். ஹாரன் வரும்வரை காத்திருந்தாள். வந்ததும், முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வலது கையை நுழைத்து, இரண்டு விரலை நீட்டினாள். இந்தத் தடவை லூர்துவின் வரி முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.